மாற்றியமைத்த வண்டியும் விற்பவர் கடமையும்

கலாசாலைச் சஞ்சிகையில் வண்டி விற்பனையைப் பற்றி எழுதுவதா என்று அன்பர் சிலர் நகைக்கக் கூடும். நகைப்பார் நகைக்க, யாம் கூற வந்ததைக் கூறுவோம். இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களிலிருந்து வந்து நம்மோடு பயிலும் மாணவர் பலர் இல்லங்களில், உள்ள பொருள்களுளெல்லாம் விலை மிகுந்தது ஒரு சரக்கு வண்டியே. அது ஓடினால் அடுப்பெரியும். கல்லூரிக் கட்டணமும் செலுத்தப்படும். அதனை விற்க நேருங்கால், படித்த பிள்ளை என்பது பற்றி நம்மையே பெரியோர் அழைத்துக் கடிதங்களைப் படித்துக் காட்டச் சொல்லுகின்றனர். ஆகவே இது நம் விஷயமே.

வட சென்னையின் இக்கடலோரம் நெடுங்காலமாகச் சக்கரங்களின் நாடு. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. 1948-இல் இரகுநந்தன் சரண் என்பவர் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைக் கோத்து முடித்து, பின்னர் 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பூண்டு பாரவண்டிகளுக்குப் பேர்போயிற்று. அதே 1955-இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் திருவொற்றியூரில் வேரூன்றியது. இத்தகைய தொழிற்சாலைகளில் தந்தையர் உழைத்த தெருக்களிலே, ஒரு யந்திரத்தைப் பிரித்துப் போட்டு மீண்டும் கோத்து, முன்னையினும் விரைவாக ஓடச் செய்யும் வித்தை பிள்ளைகளுக்கு எளிதில் வந்துவிடுகின்றது. காசிமேட்டு மீன்பாடி வண்டியைக் காணாதார் யார்? மிதித்துச் செல்லும் மூன்று சக்கர வண்டிக்குப் பழைய ஸ்கூட்டர் யந்திரத்தைப் பொருத்தி, பதிவுமின்றி எண்ணுமின்றி, பனிக்கட்டி நீர் சொட்டச் சொட்ட அது விடியற்காலையில் பறக்கும் காட்சி, போலீசாருக்கு எவ்வளவு தலைவலியாயினும், அதனைச் செய்தவன் கைத்திறனை ஒப்புக்கொள்ளாதிருத்தல் எமக்கு இயலாது.

இப்போது அம்மீன்பாடி வண்டியின் இடத்தைப் பெரிதும் பிக்கப் வண்டிகள் கொண்டன. 2005-இல் வெளிவந்த டாட்டா ஏஸ் என்னும் சிறு வண்டிக்கு நம்மவர் குட்டி யானை என்று பெயரிட்டு வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டனர். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீசிட்டியில் ஆக்கப்பெற்று 2016-இல் வெளிவந்த இசுசு வி-கிராஸ், சரக்கு வண்டியின் முதுகும் காரின் முகமும் உடையதாய், வாலிபர் உள்ளங்களை வேறு வகையிற் கவர்ந்தது. வாங்கியபடியே ஓட்டுவோர் பலர். ஓட்ட மனமில்லாதார் சிலர். இச்சிலர் செய்வன யாவை எனின், காற்றை அழுத்தி யந்திரத்தினுட் செலுத்தும் டர்போவை மாற்றிப் பெரியதொன்றைப் பூட்டுவர். எரிபொருளை அளந்து விடும் சிறு பெட்டியின் கணக்கைத் திருத்தி எழுதுவிப்பர். புகைக்குழாயிலுள்ள வடிகட்டியைக் களைந்தெறிவர். சக்கரங்களைப் பெரிதாக்கி, உடலை உயர்த்தி, வில்லில் இரண்டொரு பட்டைகளை மேலுஞ் சேர்ப்பர். தடையை மட்டும் பழையபடியே விட்டுவிடுவர். யாம் கண்ட அளவில், விசையைக் கூட்டப் பணம் செலவிட்டாருள் தடையைக் கூட்டச் செலவிட்டார் அரியர்.

இதிலுள்ள கேடு வெறும் பயமன்று, கணக்கேயாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 80-இல் செல்லுமாயின், தடையை மிதித்தபின் அது நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய 1¾ மடங்காகும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும் இரவுகளில் அத்தூரம் எங்கே கிடைக்கும்? இன்னொன்று, பலர் நினையாதது. வேகமானியும் தூரமானியும் சக்கரத்தின் சுற்றை எண்ணியே கூறுவன. டயரின் விட்டம் நூற்றுக்கு ஐந்து பெரிதாயின், முள் 80-ஐக் காட்டும்போது வண்டி 84-இல் ஓடும்; 1,00,000 கிலோமீட்டர் எனக் காட்டும் வண்டி உண்மையில் 1,05,000 ஓடியிருக்கும். எனவே, தூரமானியைக் காட்டி விலை பேசும் விற்பனையாளர், தாம் அறியாமலே பொய் கூறியவராகின்றார். விரைவை விரும்புவார்க்கு இடம் இல்லாமற் போகவில்லை. செங்குன்றத்திற்கு அப்பால் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ஆண்டுகள் பல பந்தயங்கள் நடந்தன. பிற்காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஒரு தடம் அமைந்தது. தெருவே தடமாகும்போதுதான் யாம் மறுக்கின்றோம்.

சட்டம் என்ன கூறுகின்றது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆக்கியோன் குறித்த விவரங்களினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதனை ஐயமற உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், சட்டத்துக்கு மாறான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. மாற்றுத்திறனாளர் ஓட்டுதற்கு ஏற்பத் திருத்துவதற்கும், வேறு எரிபொருளில் ஓடச் செய்யும் உறுப்புகளுக்கும் அனுமதி பெறும் வழி உண்டு. இவ்விதி சில வேளை கடுமையாகவே எமக்குத் தோன்றுகின்றது. உழைப்பாளி ஒருவன் தன் தொழிலுக்கு வேண்டி நேர்மையாகச் செய்யும் திருத்தத்தையும், வீண் ஆரவாரத்திற்குச் செய்யும் திருத்தத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் நன்றன்று. ஆயினும் அது வேறு வாதம். சட்டம் பொல்லாதது என்பதனால், வாங்குபவரிடம் உண்மையை மறைக்கும் உரிமை விற்பவர்க்கு வந்துவிடாது.

இனி எம் கண்முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். எம் பெரியப்பா முறையாகும் ஒருவர், காசிமேட்டிலிருந்து மீனும் பனிக்கட்டியும் ஏற்றிச் செல்லப் பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தார். அவர் மகன், எமக்குத் தமையன் முறை, யந்திர வேலையில் வல்லவன். மேலே சொன்ன மாற்றங்களெல்லாம் ஒவ்வொன்றாக அவ்வண்டியில் ஏறின. சந்தைக்கு முதலில் சேரும் மீனுக்கு விலை அதிகம் என்பது அவன் வாதம். அதில் உண்மையும் இருந்தது. பெரியப்பா நோயுற்றதும் வைத்தியச் செலவுக்கு வண்டியை விற்க வேண்டியதாயிற்று. தரகர் ஒருவர் வந்தார். வண்டியை உள்ளபடியே தரின் நல்ல விலை தரும் வாலிபன் ஒருவன் உண்டு என்றார். 29-ஆம் படிவத்திலும் 30-ஆம் படிவத்திலும் தேதியும் வாங்குவார் பெயரும் எழுதாது கையொப்பம் மட்டும் இட்டுத் தந்தால் போதும், பெயர் மாற்றம் பிறகு ஆகும் என்றார். மற்றொருவர், பனிக்கட்டி வியாபாரி. பழைய நிலைக்குத் திருப்பித் தந்தால் வாங்குவதாகவும், உடனே பெயரை மாற்றிக்கொள்வதாகவும் சொன்னார். இரு விலைக்கும் இடையே 40,000 ரூபாய் வேறுபாடு இருந்தது. நோயாளி இருக்கும் வீட்டில் அத்தொகை என்ன பொருளுடையது என்பதை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

படிவங்களைப் படித்துப் பார்க்க யாம் அழைக்கப்பட்டோம். தரகர் சொன்ன வழி புதியதன்று. பழைய வண்டி வியாபாரத்தில் அது நாள்தோறும் நடப்பது. அதன் விளைவை 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பில் காணலாம். 2007-இல் ஒருவர் வண்டியை விற்றார். அது கைமாறிக் கைமாறி வேறு பலரிடம் சென்றது. பதிவேட்டில் மட்டும் முதல்வர் பெயரே நின்றது. 2009-இல் அவ்வண்டி பின்னோக்கி வந்தபோது ஓர் உயிர் போயிற்று. நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்விக்கு, பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று நீதிமன்றம் விடையளித்தது. விற்றவர் வண்டியைக் கண்டே ஆண்டு இரண்டாயின என்பது அவரைக் காக்கவில்லை. நியாயம் யாதெனின், அடிபட்டோர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதே. இத்தீர்ப்பை யாம் எடுத்துக் கூறியபொழுது தரகர் நகைத்து, இங்கு அப்படி ஒன்றும் ஆகாது என்றார். பெரியப்பா நகைக்கவில்லை.

தமையன் வாதித்தான். வாங்குபவன் அறிந்தே வாங்குகின்றான், அதன் விசைக்காகவே வாங்குகின்றான், இதில் வஞ்சனை எங்கே என்றான். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ஆம் ஆண்டிலேயே, வாங்குவார் தாமே பார்த்து வாங்குக என்னும் முறையைத்தான் பொதுவாக வைத்தது என்றும் எவரோ அவனுக்குச் சொல்லியிருந்தனர். உண்மையே. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், அறிந்த ஒன்றை முயன்று மறைத்தலை வஞ்சனை என்றே கூறுகின்றது. டர்போ பெரிதென்பதை அவ்வாலிபனுக்குப் பெருமையோடு சொல்லுவோம். தடை பழையது என்பதை, தூரமானி குறைத்துக் காட்டுவதை, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இம்மாற்றங்கள் தெரியாதென்பதை, அதனால் வண்டி சேதமுற்றால் ஈடு மறுக்கப்படலாம் என்பதைச் சொல்லுவோமா? இவற்றையெல்லாம் சொன்ன பிறகும் அவன் அதே விலை தருவானாயின், தமையன் வாதத்தைப் பற்றிப் பேசலாம் என்றோம். அப்படியாயினும், எதிரே சாலையைக் கடக்கும் கிழவி அவ்விற்பனையில் ஒரு கட்சியல்லள். அவளிடம் எவரும் கையொப்பம் வாங்கவில்லை.

இறுதியில் பெரியப்பா சொல்லே நின்றது. நான்கு நாள் வேலை. தமையனே தன் கையால் பூட்டியவற்றைத் தன் கையாலேயே கழற்றினான். பழைய டர்போவையும் சக்கரங்களையும் அவன் எறிந்துவிடாது கூரையின் கீழ் வைத்திருந்தது நல்வாய்ப்பு. எரிபொருட் கணக்கையும் பழையபடி எழுதுவித்தான். புகை வடிகட்டி மட்டும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. அதன் விலையைக் கேட்டு வீடே வாயடைத்தது. தூரமானி காட்டுவதினும் வண்டி மிகுதியாக ஓடியதென்று ஒரு தாளில் எழுதி, பனிக்கட்டி வியாபாரியிடம் கொடுத்தோம். அவர் அதைப் படித்து, விலையில் இன்னும் சிறிது குறைத்தார். உண்மைக்கு அது கூலியோ என்று தமையன் எம்மை நோக்கிக் கேட்டான். யாம் விடை கூறவில்லை. விற்பவர் பதினான்கு நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், வாங்குபவர் முப்பது நாளுக்குள் என்பது விதி. யாம் மூன்றாம் நாளே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாயிலில் நின்றோம். கடன் கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதற் கடிதத்துக்காக மேலும் ஒரு வாரம் அலைந்தோம். தரகர் வழியே விற்க விரும்புவார்க்கும் இப்போது ஒரு நேர்வழி உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், அதன் பின் அவ்வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தை எவர் சட்டைப்பையிலோ விட்டுவிட்டு இரவில் உறக்கமின்றிக் கிடப்பதினும் இது மேல்.

கழற்றிய பெரிய டர்போவையும் சக்கரங்களையும் தமையன் புதுப்பேட்டைக்கு எடுத்துச் சென்றான். போட்ட பணத்தில் பாதியும் வரவில்லை. வாங்கிய கடைக்காரர் அவற்றை அன்று மாலையே திருவொற்றியூர்ப் பையன் ஒருவனுக்கு விற்றுவிட்டதாகப் பின்னர்க் கேள்வியுற்றோம். அப்பையன் எவ்வண்டியில் அவற்றைப் பூட்டினான் என்று விசாரிக்க எண்ணி, விசாரியாதே விட்டுவிட்டோம்.