லாபம் கிளப்புக்கு, நட்டம் வீரருக்கா?

ஒரு கோடியே 71 லட்சத்து 73 ஆயிரத்து 990 யூரோ. ஏழு மாதத் தடை பெற்ற ஒரு கால்பந்து வீரரின் தலையில் ஏற்றப்பட்ட தொகை இது. கட்ட வேண்டியவர் ருமேனியாவின் அட்ரியான் முட்டு. பெற வேண்டியது லண்டனின் செல்சி கிளப். 2008 மே மாதம் இந்தத் தீர்ப்பை எழுதியது ஃபிஃபாவின் தகராறு தீர்ப்புக் குழு. முட்டு கோகைன் எடுத்தது தவறு. அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தத் தவற்றைச் சாக்காக வைத்து ஒரு கிளப் தன் வியாபார நட்டத்தை வீரரிடமே வசூலிக்கப் புறப்பட்டதும், உலகக் கால்பந்தின் தலைமை அமைப்பே அதற்கு முத்திரை குத்தியதும் வன்மையான கண்டனத்துக்குரியவை.

நடந்தது இதுதான். 2003-இல் இத்தாலியின் பார்மா கிளப்பிடமிருந்து 1 கோடியே 58 லட்சம் பவுண்டுக்கு முட்டுவை வாங்கியது செல்சி. மறு ஆண்டு அவர் சோதனையில் சிக்கினார். 2004 அக்டோபர் 28 அன்று கிளப் அவரை வெளியேற்றியது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் ஏழு மாதத் தடையும் 20,000 பவுண்டு அபராதமும் விதித்ததோ அதற்கு ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அன்று. தண்டிக்க வேண்டிய அமைப்பு வாய் திறப்பதற்கு முன்பே கிளப் தண்டித்து முடித்துவிட்டது.

அதோடும் விடவில்லை. அவரை வாங்கக் கொடுத்த பணத்தில் கணக்கில் கழியாமல் நின்ற பாக்கியைக் கேட்டு அவர்மீதே வழக்குத் தொடுத்தது. லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2009-இலும், சுவிட்சர்லாந்தின் உச்சநீதிமன்றம் 2010-இலும் முட்டுவின் மேல்முறையீடுகளைத் தள்ளின. நடுவர் மன்ற விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்ற முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2018-இல் ஏற்கவில்லை. இதனிடையே, தடைக்காலத்தில் அவரைச் சேர்த்துக்கொண்ட லிவோர்னோவும் யுவென்டஸும் இந்தத் தொகைக்குப் பொறுப்பு என்று ஃபிஃபா 2013-இல் சொன்னது. 2015-இல் நடுவர் மன்றம் அவற்றை விடுவித்தது. கிளப்புகள் கை கழுவிக்கொண்டன. கடன் மட்டும் வீரர் தலையிலேயே நின்றது.

“கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர் ஒப்பந்தத்தை மீறலாமா?” என்று கேட்கிறார்கள். கூடாதுதான். தடையும் அபராதமும் அதற்குத்தான் இருக்கின்றன. தடைக்காலச் சம்பளத்தை நிறுத்துவதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கிளப்புகளுக்கிடையே கைமாறும் விலை கிளப்பின் சூதாட்டம். வாங்கிய வீரரின் மதிப்பு இரண்டு மடங்கானால் விற்று வரும் லாபம் கிளப்பின் கல்லாவுக்குப் போகிறது. முழங்கால் முறிந்தால் கிளப் நட்டக் கணக்கு எழுதிக்கொள்கிறது. போதைப் பழக்கம் என்றால் மட்டும் பில் வீரரின் வீட்டுக்குப் போகிறது. கறக்கிறவரை கோமாதா, அதற்குப் பிறகு அடிமாடு என்பதுதானே இது?

“போதைக்கு எங்களிடம் சகிப்பே கிடையாது” என்ற முழக்கத்தையும் பார்த்துவிட்டோம். செல்சியின் கோல்கீப்பர் மார்க் போஸ்னிச் 2002-இல் கோகைன் சோதனையில் சிக்கினார். ஒன்பது மாதத் தடை, அதோடு வேலை நீக்கம். பின்பு பல ஆண்டுகள் கோகைனுக்கு அடிமையாகிக் கிடந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வெளியேற்றியதால் கிளப்பின் பெயர் சுத்தமாகியிருக்கலாம். மனிதரை அது மீட்கவில்லை.

கைவிடாத கிளப்புகளும் உண்டு. 1994-இல் அர்செனல் வீரர் பால் மெர்சன் தன் குடி, சூதாட்டம், கோகைன் பழக்கங்களைத் தானே ஒப்புக்கொண்டார். சங்கம் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பியது, கிளப் காத்திருந்தது. சில மாதங்களில் களம் திரும்பியவர், 1998 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அணியில் இருந்தார். 2015-இல் ஹல் சிட்டியின் ஜேக் லிவர்மோர் கோகைன் சோதனையில் சிக்கினார். பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த துயரம் அதன் பின்னால் இருந்தது தெரிந்து, சங்கம் தடை விதிக்கவில்லை. ஹல் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2017-இல் அவர் மீண்டும் இங்கிலாந்துக்காக ஆடினார். அதே ஆண்டு தொடக்கத்தில் ஹல் அவரை ஒரு கோடி பவுண்டுக்கு வெஸ்ட் பிராம்விச்சுக்கு விற்றிருந்தது. லாபமே பெரிதென்று நினைப்பவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பே மனம் மாறியிருக்கிறது. 2021 முதல் நடப்பில் உள்ள விதிகளில் கோகைன், ஹெராயின், எக்ஸ்டசி, கஞ்சாவின் போதைப்பொருள் ஆகியவற்றுக்குத் தனி வகுப்பு உண்டு. போட்டி நேரத்துக்கு வெளியே, ஆட்டத் திறனோடு தொடர்பில்லாமல் எடுத்ததாக வீரர் நிரூபித்தால் தடை மூன்று மாதம்தான். சிகிச்சையை முடித்தால் ஒரே மாதமாகக் குறையலாம். விளையாட்டில் மோசடி செய்தவர் வேறு, பழக்கத்தில் விழுந்தவர் வேறு என்பதைத் தண்டிக்கும் அமைப்பு புரிந்துகொண்டது. கிளப்புகளின் ஒப்பந்தங்களும் அதைப் புரிந்துகொள்ள வேண்டாமா? ஒரு மாதத்தில் திரும்பி வரக்கூடியவரை ஒரே கடிதத்தில் வெளியேற்ற வழி வைத்திருப்பது, சிகிச்சைக்குப் போகும் கதவைச் சாத்துவதாகும். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று அஞ்சுகிறவர் மருத்துவரிடமும் வாய் திறக்க மாட்டார்.

ஆகவே திருத்தம் உடனே வேண்டும். முதல் முறை சிக்கும் வீரரைச் சிகிச்சைக்கு வாய்ப்புத் தராமல் நீக்கக் கூடாது என்பதை லீக்குகள் தங்கள் மாதிரி ஒப்பந்தங்களில் எழுத வேண்டும். சங்கத்தின் விசாரணை முடியும்வரை எந்தக் கிளப்பும் ஒப்பந்தத்தைக் கிழிக்கக் கூடாது. தடைக்காலத்திலும் சிகிச்சைச் செலவைக் கிளப்பே ஏற்க வேண்டும். தானாக முன்வந்து ஒப்புக்கொள்ளும் வீரரின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும்.

ஃபிஃபாவுக்கு ஒன்றைத் தனியே சொல்கிறோம். கிளப்புக்கு எதிரே இருப்பவை இரண்டு வழிகள்: வீரரை வைத்துக்கொண்டு மீட்பது, அல்லது விட்டுவிடுவது. விட்டுவிடும் கிளப், அவரை வாங்கிய விலையையும் அன்றே மறந்துவிட வேண்டும். துரத்தியவரிடமே விலை கேட்கும் உரிமை எந்தக் கிளப்புக்கும் இல்லை என்று உங்கள் விதிப்புத்தகத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். 2008-இல் நீங்கள் குத்திய முத்திரையை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.