தென்னைக் கருந்தலைப் புழுவும் உடன்குடிப் பனைகளும்

உடன்குடிப் பிரதேசத்து மணற்பாங்கான நிலங்களில் பனையும் தென்னையும் அண்டை அயலாக நிற்கின்றன. ஆதலின், கருந்தலைப் புழுவை ஒழிக்கும் யோசனை எதுவாயினும் பனையை விட்டுவிட்டுச் செய்யத்தக்கதன்று.

இப்புழுவின் தாய் சாம்பல் நிறமுள்ள சிறு அந்துப்பூச்சி. சிறகை விரித்தாலும் ஏறக்குறைய ஓர் அங்குலமே. முற்றிய ஓலைகளின் அடிப்புறத்தில் முட்டையிடும். புழு கறுத்த தலையும், பசுமை கலந்த உடலிற் பழுப்புக் கோடுகளும் உடையது. தன் எச்சத்தையும் நூலையும் கலந்து குழல்போற் கூடு கட்டி, அதனுள்ளிருந்தே ஓலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். கோடையில் மிகுந்தால் தோப்பே தீப்பட்டதுபோற் காணும். தென்னையேயன்றிப் பனை, ஈந்து, தாளிப்பனை ஆகியவையும் இதற்கு இரையாம். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய தேசங்களுக்குரிய இப்பூச்சி 2013-இல் சீனத்து ஹைனான் தீவிலும் காணப்பட்டது.

பனை இப்புழுவுக்கு இடங்கொடுக்கிறதே, அதை வெட்டிவிட்டால் என்னவென்று தென்னை மிராசுதார் எவரேனும் கருதுவாராயின் அது பெரும் பிழை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி அம்மரத்தின் பதநீரன்றோ? பனையேறிகளின் பிழைப்பும் அதிலேயே உள்ளது. வேர் வழியே நஞ்சு ஏற்றும் முறையோ, நாள்தோறும் பதநீர் இறக்கும் மரத்திற்குச் சற்றும் ஒவ்வாது.

ஏற்ற வழி ஒட்டுண்ணிக் குளவியே. கோனியோசஸ் என்னும் எறும்பனைய இச்சிறு குளவி, புழுவை மயக்கி அதன்மேல் முட்டையிடும். குளவியின் குஞ்சுகள் புழுவை உண்டு வளரும். சென்னை மாகாணத்தில் இம்முறை கையாளப்பட்ட வரலாற்றை இராமச்சந்திர ராவ், செரியன், அனந்தநாராயணன் ஆகியோர் 1948-இல் விரிவாக எழுதியுள்ளனர். ஏக்கருக்குச் சுமார் 1,200 குளவிகள், புழு இளம் பருவத்திலிருக்கையில் விடப்படல் வேண்டும். கொண்டையில் விடலாகாது, அங்குள்ள சிலந்திகள் தின்றுவிடும். மிகவும் கெட்ட அடியோலைகளை மட்டும் கழித்து எரித்தல் நன்று. பச்சோலையை வெட்டுவது மரத்திற்கே கேடு.

ஒருவர் தோப்பில் மட்டும் விட்டு அயலார் வாளாவிருந்தால் பூச்சி மறுபடியும் வந்து சேரும். 1919-ஆம் வருஷத்துச் சென்னைப் பயிர்ப்பூச்சி நோய்ச் சட்டம், அறிவிக்கப்பட்ட பூச்சியை ஒழிக்குமாறு நிலமுடையோரைக் கட்டாயப்படுத்தவும், தவறினால் சர்க்காரே செய்து செலவை வசூலிக்கவும் இடந்தந்தது. ஆயினும் அவ்வளவு தூரம் போவானேன்? கிராம அதிகாரிகள் தை மாதத்திலேயே தோப்புக்காரரையும் பனைக் குத்தகைதாரரையும் ஒருங்கே அழைத்து, இருவகை மரங்களையும் ஒரே கணக்கிற் சேர்த்துக் குளவிக்கு எழுதுவார்களாயின், கோடை முற்றுமுன் வேலை முடிந்துவிடும்.