வாந்திபேதி ஓய்ந்தது, வாழ்நாள் நோய் வளர்ந்தது!

உத்திரமேரூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது குடவோலை. வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலே, முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை மேடைதோறும் எடுத்துக்காட்டி மகிழ்கிறோம். மகிழ்வதில் தவறில்லை. ஆனால், அதே கல்வெட்டு ‘ஏரி வாரியம்’ என்றொரு குழுவையும் கூறுகிறதே, அதை எண்ணிப் பார்த்தோமா? ஏரி உடைந்தால் ஊர் அழியும். எனவே ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தனர். ஊரை அழிப்பது எது என்பதை முதலில் அறிந்தனர். பிறகு அதற்குக் காவல் போட்டனர்.

இன்று அந்த உத்திரமேரூர் வட்டத்து மக்களை வாட்டுவது எது? காவல் போட்டிருக்கிறோமா?

நம் பாட்டன்மாரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் விடை கூறியிருப்பர்: வாந்திபேதி, அம்மை, காசம். மாரியின் கோபம் என்றனர். முன்வினைப் பயன் என்றனர். விடுதலை பெற்ற நாளில் இந்தியனின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. 1971-லேகூட, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. மாரியின் கோபம் எதனால் தணிந்தது? அம்மைப்பால் குத்தியதால் தணிந்தது! 1975-க்குப் பிறகு இந்நாட்டில் பெரியம்மை இல்லை. 2011 ஜனவரிக்குப் பிறகு போலியோவின் இயற்கைக் கிருமி எந்தக் குழந்தையின் காலையும் முடக்கவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 13. இந்திய அளவிலே 28. விதி என்றார்களே, அந்த விதியை மாற்றி எழுதியது குழாய் நீரும் ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் அல்லவா!

இந்தப் போரிலே நம் மண்ணுக்குத் தனிப் பங்குண்டு. அன்றைய ஒன்றுபட்ட செங்கற்பட்டு மாவட்டத்துத் திருமணியில் தொழுநோய் ஆராய்ச்சி நடந்தது. அதே மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. ஊசிச் சோதனைக்கு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கைகொடுத்தனர். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மையை உலகுக்கு அறிவித்தது நம் கிராமத்து மக்களின் பொறுமை.

வெற்றி கண்டோம். ஆனால், கோட்டையின் முன்வாயிலில் நாம் வெற்றி முரசு கொட்டிக்கொண்டிருக்க, பகைவன் பின்வாயிலில் நுழைந்துவிட்டான்!

நோயால் அகாலத்தில் இழந்த ஆண்டுகளையும், முடங்கிக் கிடந்த ஆண்டுகளையும் கூட்டி ‘நோய்ச்சுமை’ என்று அறிஞர் கணக்கிடுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 1990-இல் இந்தியாவின் நோய்ச்சுமையில் தொற்றுநோய், பேறுகால நோய், ஊட்டக்குறை ஆகியவற்றின் பங்கு 61 விழுக்காடு. 2016-இல் அது 33 ஆகக் குறைந்தது. இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களின் பங்கோ 30-லிருந்து 55 ஆக உயர்ந்தது. விபத்து, தற்கொலை முதலான காயங்களின் பங்கு 9-லிருந்து 12 ஆயிற்று. இந்த மாற்றத்தில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்கள் கேரளமும் கோவாவும் தமிழ்நாடும்!

சீனமும் இந்தப் பாதையிலேதான் சென்றது. 1990-இல் அங்கே முன்னின்ற சுமை நுரையீரல் தொற்றும் பச்சிளங் குழந்தைகளின் நோய்களும். 2017-இல் முதலிடம் பக்கவாதத்துக்கு. கிராமந்தோறும் ‘வெறுங்கால் மருத்துவர்’களை அனுப்பி உலகை வியக்க வைத்த நாடு, எண்பதுகளில் கம்யூன்களைக் கலைத்தபோது கிராம மருத்துவக் கூட்டுறவையும் கைவிட்டது. உழவன் நோய்க்குத் தன் பையையே நம்ப வேண்டியதாயிற்று. 2003-இல்தான் புதிய திட்டம் பிறந்தது. கட்டியதைக் காக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

“சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் பணக்காரன் நோய், அவனவன் நாக்கு அவனவனுக்குக் கேடு” என்பார் சிலர். 2023-இல் வெளிவந்த ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 35.5 விழுக்காட்டினருக்கு இரத்தக்கொதிப்பும் உண்டு என்கிறது. மூவரில் ஒருவரும் பணக்காரரா? நாற்று நடும் பெண்ணுக்கும் நூறு நாள் வேலைக்குச் செல்லும் கிழவிக்கும் இரத்தக்கொதிப்பு இருக்கிறது. வேறுபாடு இதுதான்: செல்வன் மாத்திரை உண்டு வாழ்கிறான்; ஏழை, மாத்திரை தீர்ந்த மாதத்தில் பக்கவாதத்தில் விழுகிறான். அவனைப் பார்த்துக்கொள்ள மகள் வேலையை விடுகிறாள். ஒருவன் கை விழுந்தால் ஒரு குடும்பமே விழுகிறது.

காயங்களின் கதை இதனினும் கொடிது. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இந்தியாவிலேயே மிக அதிகம். மாண்டோர் 17,884 பேர். ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் இரவுப் பணிக்கு இருசக்கர வண்டியில் விரையும் இளைஞன், கல் ஏற்றிய லாரிக்கு எதிரே தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான். கல் உடைக்கும் இடத்திலோ தூசு நுரையீரலைத் தின்கிறது. அதே ஆண்டில் தற்கொலையில் மாண்டோர் 19,834 பேர். இவர்களில் எத்தனை பேரைக் கடனும் மதுவும், எளிதில் கிடைக்கும் பூச்சிமருந்தும் சேர்ந்து கொன்றன? மது விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமே நடத்துகிறது. ஒரு கையால் மருந்து கொடுத்து, மறு கையால் மதுவை நீட்டும் முரண்பாட்டைக் கூசாமல் பேசியாக வேண்டும்.

செய்யப்பட்டவை இல்லாமல் இல்லை. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் பிறந்தது. அதே டிசம்பரில், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கியது. வீடு தேடி மருந்து தருவது பிச்சையன்று, அறிவியல்! சென்னைக் காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்ட காசநோயாளரும் சானடோரியத்தில் இருந்தவருக்கு ஈடாகக் குணமாவர் என்று 1959-இலேயே மெய்ப்பித்து, உலகின் போக்கையே மாற்றியது.

ஆயினும், அம்மை ஊசி ஒரு நாள் வேலை. இரத்தக்கொதிப்பு மாத்திரை வாழ்நாள் வேலை. ஒரு மாதம் மருந்து வராவிட்டால் ஓராண்டு உழைப்பு வீண். ஆகவே தோழர்களே, கிளைக் கூட்டங்களில் கேளுங்கள்: நம் ஊரில் மருந்து பெறுவோர் எத்தனை பேர்? பாதியில் விட்டவர் எத்தனை பேர்? ஏன் விட்டனர்? வீடு வீடாக மருந்து சுமக்கும் பெண்களுக்கு மதிப்பூதியம் போதுமா, அல்லது நிலையான ஊதியம் வேண்டாமா? குவாரித் தொழிலாளியின் நுரையீரலை ஆண்டுக்கொரு முறையேனும் சோதிப்பவர் யார்? எந்த வளைவில் உயிர்கள் திரும்பத் திரும்பப் போகின்றன? இந்தக் கணக்கைக் கிராம சபையில் வையுங்கள், தீர்மானமாக்குங்கள், நிறைவேறும்வரை விடாதீர்கள்.

ஏரி உடையுமுன்பே கரையில் ஆள் நிறுத்திய ஊர் இது. இன்று உடைந்துகொண்டிருப்பது மக்களின் உடல். கரைக்கு வாரீர்!