வினாத்தாளுக்கு அஞ்சுவதேன்?

முதுநிலைச் செவிலியர் படிப்பில் ஆய்வேடு எழுதும் மாணவியர் இருவர், வளரிளம் பருவத்தினரின் நலம் பற்றிய வினாத்தாளுடன் மணலிப் பள்ளி ஒன்றுக்கு வந்தனர். சில நாளில் பெற்றோர் சிலர் என்னிடம் முறையிட்டனர். சக மாணவர் துன்புறுத்துகின்றனரா, பதின்வயதில் தாயானால் உடலுக்கு என்ன நேரும் என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தனவாம். "நம் பிள்ளைகளிடம் இதையெல்லாம் கேட்கலாமா ஃபாதர்?" என்றனர். கேட்கத்தான் வேண்டும் என்றேன். அன்று முழுமையாகச் சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

சிறுவரிடம் ஆய்வு செய்யப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. மறுப்பது உங்கள் உரிமை. ஆனால் மறுப்பதற்குச் சொல்லப்படும் காரணம்தான் ஏற்கத்தக்கதன்று. "நம் குடும்பங்களில் இது நடப்பதில்லை" என்கிறோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவரும் கருவுற்றிருந்தவரும் தமிழகத்தில் 2015-16இல் 5 விழுக்காடு, 2019-21இல் 6.3 விழுக்காடு. அதே காலத்தில் இந்திய அளவில் இது 7.9இலிருந்து 6.8ஆகக் குறைந்தது. கல்வியில் முன்னேறியதாகப் பெருமைகொள்ளும் மாநிலத்தில் உயர்ந்திருக்கிறது! இந்த எண்ணிக்கை நம் பங்கின் எல்லைக்கு வெளியே நின்றுவிடும் என்று யார் உறுதி தருவது?

தாயும் தந்தையும் ஆலைகளில் முறைவேலைக்குச் செல்ல, பிள்ளைகள் தனித்திருக்கும் வீடுகள் இங்கே எத்தனை? பங்கு இல்லத்துக்கு இருட்டிய பின் வந்து, "ஓலை வாசிக்காமல் உடனே மணம் முடித்துவையுங்கள்" என்று கண்ணீரோடு கேட்ட பெற்றோரை நான் அறிவேன். பெண்ணுக்கு 18 நிறையவில்லை. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அதை அனுமதிக்காது. நாட்டு வழக்கிலுள்ள வயதுக்கு முன் இளையோர் மணம் புரிவதைத் தடுக்க முயலும் கடமையைத் திருச்சபைச் சட்டத்தின் 1072ஆம் பிரிவு எங்கள்மேல் சுமத்துகிறது. மறுத்தேன். அவமானத்தை மறைக்கவே அத்தனை அவசரம். அந்தச் சிறுமி மருத்துவரிடம் காட்டப்பட்டாளா என்பது எவர் நினைவிலும் இல்லை. பதின்வயதுத் தாய்க்குப் பேறுகால வலிப்பும் தொற்றும், குழந்தைக்கு எடைக்குறைவும் நேரும் வாய்ப்பு மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கிறது. மறைத்து வைக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த ஆபத்தை வளர்க்கிறது. அவள் பின்னர்ப் பள்ளி திரும்பினால் ஏளனம் காத்திருக்கிறது. அதற்குக் காரணமான ஆணை எவரும் ஏளனம் செய்வதில்லை.

"பள்ளியில் கேலி செய்வது எங்கும் உள்ளதுதானே" என்போரும் உண்டு. 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரும் தடுக்க வந்த அவர் தங்கையும் வீடு புகுந்த சக மாணவர்களால் வெட்டப்பட்டனர். வதை தாளாமல் அவர் பள்ளிக்கே செல்லாதிருந்தார். ஆசிரியர் கேட்டார், அவரும் சொன்னார், அதன் பின்னரே வெட்டு விழுந்தது. கேட்டால் மட்டும் போதாது, சொன்ன பிள்ளைக்குக் காவலும் வேண்டும் என்பதே இதன் பாடம். நீதியரசர் சந்துரு குழு 2024 சூன் மாதம் அளித்த அறிக்கையில், பள்ளிகளுக்கு நல அலுவலர்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது இதனாலன்றோ?

ஆய்வாளர்களுக்கும் ஒரு சொல். பட்டம் பெற்றதும் ஆய்வேட்டைப் பல்கலைக்கழக அலமாரியில் அடுக்கிவிட்டு மறப்பது அறமாகுமா? பிள்ளைகள் தம் துயரை உங்களிடம் ஒப்படைத்தனர். பெயர்களை மறைத்து, கண்டறிந்ததைப் பெற்றோர் முன்னும் ஆசிரியர் முன்னும் வைக்கத் திரும்பி வாருங்கள். எங்கள் பங்கு மண்டபம் உங்களுக்குத் திறந்திருக்கும்.

பெற்றோரே, அடுத்த முறை ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும்போது கேள்விகளைப் படித்துப் பாருங்கள். அவற்றுள் எதை நீங்களே உங்கள் பிள்ளையிடம் இதுவரை கேட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு கையொப்பமிடுவதா மறுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.