பனி பார்க்க விடியலில் புறப்படாதீர்கள்

டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிம்லா ஞாபகம் வந்துவிடும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்கே காரில் ஏறி, சாயங்காலத்துக்குள் குழந்தைகளுக்குப் பனியைக் காட்டிவிட வேண்டும் என்று ஓர் அவசரம். ஊரில் வெயிலுக்கு முன் கிளம்பிப் பழகியவர்கள் நாம். வடக்கே குளிர்காலத்தில் அந்தப் பழக்கம் ஆபத்து என்பது என் அபிப்பிராயம்.

நாம் எல்லாவற்றையும் 'பனி' என்றே சொல்கிறோம். வழியில் இருப்பதோ மூன்று பனி. பானிப்பட், கர்னால் பக்கம் விடியலில் சாலையை மறைப்பது மூடுபனி. மலையில் குழந்தைகள் உருட்டி விளையாடுவது வெண்பனி. அதுவே பகலில் உருகி, இரவில் சாலைமேல் மறுபடி உறைந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாகக் கிடப்பது மூன்றாவது. வெயில் படாத வளைவுகளில் அது லேசில் இளகாது. முதலாவதும் மூன்றாவதும் விடியலில்தான் கடுமை.

இரண்டு வருஷம் முன்பு, மாப்பிள்ளை வண்டி ஓட்ட, சிம்லாவிலிருந்து குஃப்ரிக்குக் காலை ஏழு மணிக்கே கிளம்பினோம். ஒரு வளைவில் பிரேக் போட்டதும் வண்டி வழுக்கிக்கொண்டு போய் ஓரச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கு அப்பால் பள்ளத்தாக்கு. யாருக்கும் அடியில்லை, ஆனால் பேத்தி மத்தியானம் வரை வாய் திறக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தண்டவாளப் பராமரிப்பில் இருந்த நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேனே என்று இன்றும் வெட்கப்படுகிறேன். மூடுபனி நாட்களில் எங்கள் கேங்மேன்கள் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் வெடி வைத்து டிரைவரை எச்சரிப்பார்கள். சந்தேகமான இடத்துக்குக் 'காஷன் ஆர்டர்' உண்டு. காரில் அதைக் கொடுக்க வேண்டியவர் வீட்டுப் பெரியவர்தான்.

இந்த அவசரமெல்லாம், பார்க்க வேண்டியது பனி ஒன்றுதான் என்று நினைப்பதால் வருவது. வழியில், தில்லியிலிருந்து சுமார் 250 கி.மீ.யில் சண்டிகர் இருக்கிறது. பத்து மணிக்குப் புறப்பட்டாலும் பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிடலாம். லெ கார்புசியே திட்டமிட்ட நகரம் அது. அங்கே சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்து உருவாக்கிய ராக் கார்டன் 1976-இல் திறக்கப்பட்டது. கழித்த பொருளிலிருந்து ஒரு மனிதர் கட்டிய உலகத்தைக் குழந்தைகள் பார்க்க வேண்டாமா? சிம்லாவிலும் 1887-இல் திறந்த கெயிட்டி தியேட்டர் உண்டு. 1945 மாநாடு நடந்த வைஸ்ராய் மாளிகை உண்டு. காரைக் கீழே விட்டுவிட்டுக் கால்காவிலிருந்து, 1903-இல் ஓடத் தொடங்கிய சின்ன ரயிலிலேயே ஏறலாம். குஃப்ரிக்கு உள்ளூர் டிரைவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

ஒரு ராத்திரி லாட்ஜ் செலவு கூடத்தான் செய்யும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு அது செலவாகத் தெரியவில்லை. மலை எங்கும் ஓடிவிடாது. வெயில் ஏறட்டும்; பிறகு புறப்படுங்கள்.