பழைய வீட்டின் மேல் போடும் பழி

பழைய வீடு கரண்டையும் குடிக்கும், தண்ணீரையும் குடிக்கும். அதற்குச் செலவு செய்வதைவிட இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மேல். சென்னையில் நாற்பது ஐம்பது வயதான தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பழகிப்போயிருக்கும். பில்டர் சொல்கிறார், மேஸ்திரி சொல்கிறார், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் மகனும் சொல்கிறான். இது உண்மையல்ல. நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் அடையாறிலும் இதை நம்பித்தான் இன்னும் ஒரு தலைமுறை தாங்கக்கூடிய வீடுகளை ஜேசிபி வைத்துத் தரைமட்டமாக்குகிறார்கள்.

வீட்டின் வயதுக்கும் மின்கட்டணத்துக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. ஏப்ரல் மாதத்து இரவு ஒன்பது மணிக்கு மாடி அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் சுடும். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட கான்கிரீட் தளம், வெயில் இறங்கிய பிறகு அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. அதன் கீழே ஓடும் ஏ.சி. பாதி நேரம் அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. நேற்று கட்டிய அடுக்ககத்தின் மேல்தளத்திலும் இதே கதைதான்.

பழைய வீடுகள் பலவற்றில் இதற்கு முன்னோர் செய்த ஏற்பாடு இன்னும் இருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்துச் செய்த வேலை அது. ஒழுகுகிறது என்றதும் மொத்தத்தையும் பெயர்த்தெடுக்கச் சொல்பவரை நம்பாதீர்கள். பெரும்பாலும் ஓடுகளின் இடுக்கில்தான் பூச்சு விட்டிருக்கும். அதை அடைத்துவிட்டு, மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்டோ அடித்தால் போதும். அறையின் சூடு சில டிகிரி இறங்குவது அந்தக் கோடையிலேயே தெரியும். சுண்ணாம்பு என்றால் ஆண்டுதோறும் பங்குனிக்குள் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு இடிப்புச் செலவின் பக்கத்தில்கூட வராது.

அடுத்தது மின்விசிறி. பழைய காயில் விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். நான்கு விசிறி, நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 160 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது வீட்டுக்கணக்கு எழுதும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க ஸ்க்ரூ டிரைவர் போதும், ஜேசிபி வேண்டாம்.

தண்ணீரில்தான் இந்தப் பேச்சு இன்னும் மோசமாகப் பொய்க்கிறது. பழைய பிளஷ் டேங்க் ஒவ்வொரு முறையும் 10 லிட்டரைக் கொட்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு இருபது முறை என்றால் 200 லிட்டர். மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள டேங்க்கை மாட்டினால் அது 70 லிட்டர் சொச்சத்தில் நிற்கும். ஆண்டுக்கு மிச்சமாவது 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட நான்கு லோடு. டேங்க் மாற்றாவிட்டாலும் இன்று இரவே ஒன்று செய்யலாம்: டேங்க்கில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு, அரைமணி நேரம் யாரும் பிளஷ் பண்ணாமல் பாருங்கள். கீழே மஞ்சள் இறங்கினால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமில்லாமல் இரவு பகலாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் அது ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். பழைய வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கும், சுற்றி மண் தரை இருக்கும், மாமரமோ தென்னையோ நிற்கும். மாடிக் குழாயைக் கூழாங்கல்லும் மணலும் போட்ட ஒரு தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டால் முடிந்தது வேலை. 2003-ல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் அரசு கட்டாயமாக்கியபோது அமைத்த தொட்டிகள் பல வீடுகளில் சேறு அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசிக்கு முன்னால் தூர்வாரினாலே அவை உயிர் பெறும். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்களுக்காக மந்தைவெளியில் சேகர் ராகவன் 2002-லேயே மழை இல்லம் என்ற மழைநீர் சேகரிப்பு வழிகாட்டு மையத்தைத் தொடங்கினார். ஆனால் வீட்டை இடிக்க வருகிறவர்கள் பல இடங்களில் முதலில் செய்வது, இடிபாட்டைக் கொட்டி அந்தக் கிணற்றை மூடுவதுதான். பிறகு மனை முழுக்க சிமென்ட், நடுவில் ஒரு போர்வெல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. இங்கே கிணற்றை மூடுவதை முன்னேற்றம் என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சோலார் பற்றி ஒரு வரி. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் தருகிறது, நல்லதுதான். ஆனால் விரயத்தை நிறுத்திய பிறகு போடுங்கள். அதற்கும் தனி வீடுதான் வசதி. எட்டு குடும்பங்களுக்குப் பொதுவான மாடியில் ஆளுக்கு என்ன இடம் கிடைக்கும்?

புது வீடு மிச்சம் பிடிக்கும் என்பவர்கள், அதைக் கட்டச் செலவாகும் சிமென்ட்டையும் கம்பியையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. புது வீடு அந்தக் கடனோடுதான் பிறக்கிறது.

இடித்தே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. கம்பி துருப்பிடித்துக் கூரை பெயர்ந்து விழுந்தால், அஸ்திவாரம் இறங்கினால், அங்கே குடியிருப்பது ஆபத்து. அதைச் சொல்ல வேண்டியவர் கட்டுமானப் பொறியாளர். மனையில் பங்கு கேட்டு நிற்கும் பில்டர் அல்ல. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்க வேண்டும், மனைக்கு நல்ல விலை வந்திருக்கிறது என்பவையும் நியாயமான காரணங்களே. அவற்றை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீடு கரண்டைக் குடிக்கிறது என்று அதன் மேல் பழி போடாதீர்கள். மின்சாரம், தண்ணீர் என்று பேச வரும் பில்டரிடம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேளுங்கள்: மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு சன்ஷேட் உண்டா, மேல்தளத்துக்குச் சூடு தடுக்க என்ன போடுவீர்கள், மனையில் எத்தனை அடி மண்ணாக விடுவீர்கள், கிணறு எங்கே இருக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.