யார் எழுந்திருப்பது?

ஊர் திரும்பிய அக்கா மகளிடம் கேட்டேன்: "எத்தனை பலூன்?"

"மூணுதான் மாமா."

திருவிழாவுக்குப் போய் வரவில்லை அவள். ஐசிபிசி எனப்படும் கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச புரோகிராமிங் போட்டியின் வட்டாரச் சுற்றுக்குப் போயிருந்தாள். ஒரு கணக்கைத் தீர்த்தால் மேசையில் ஒரு பலூன் கட்டுவார்கள். கணக்குக்கு ஒரு நிறம். நாலைந்து மேசைகளில் சிவப்பு பறந்தால், அந்தக் கணக்கு சுலபம் என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

1970-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முளைத்த போட்டி இது. ஓர் அணிக்கு மூன்று பேர், ஐந்து மணி நேரம், ஒரே ஒரு கம்ப்யூட்டர். வீட்டில் ஆளுக்கொரு லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளைகளை இந்த மூன்றாவது விதிதான் படாதபாடு படுத்துகிறது. ஒருவர் தட்டும்போது மற்ற இருவருக்கும் பேனாவும் காகிதமும்தான். விடை தவறென்றால் "தவறு" என்று மட்டும் பதில் வரும். எங்கே என்று வராது. அந்தக் கணக்கைப் பிறகு தீர்த்தால், முன்பு செய்த ஒவ்வொரு தவறுக்கும் 20 நிமிடம் அணியின் நேரத்தில் ஏறிவிடும். பிழை பிடிபடவில்லை என்றால் எழுதியதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, நாற்காலியை அடுத்தவருக்கு விட்டுவிட்டு, காகிதத்தில் தேட வேண்டும். சொல்வது எளிது.

2015-இல் தாய்லாந்தின் புக்கெட்டில் நடந்த இறுதிச் சுற்றில், ரஷ்யாவின் ஐடிஎம்ஓ பல்கலைக்கழக அணி 13 கணக்குகளையும் தீர்த்தது. அந்த வெற்றி என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர், அணியில் இருந்த பெலாரஸ் இளைஞர் கென்னாடி கொரோட்கேவிச். அவர் மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்த ஒற்றை கீபோர்டுக்கு வாசிலியேவ், மினாயெவ் என்று இன்னும் இரண்டு பங்காளிகள் இருந்தார்கள். யார் எப்போது எழுந்து யாருக்கு இடம் விட்டார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

"நாலாவது கணக்கு வரலையா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வந்திருக்கும் மாமா. பக்கத்துல இருந்தவ இன்னொரு கணக்கைப் பேப்பர்ல முழுசா முடிச்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டிருந்தா. நான்தான், இதோ இதோன்னு நாற்பது நிமிஷம் எழுந்திருக்கவே இல்ல."

அடுத்த வருடமும் அதே மூவர்தான் போகிறார்கள். தங்களுக்குள் புது விதி ஒன்று போட்டிருக்கிறார்களாம்: பத்து நிமிடத்தில் பிழை சிக்கவில்லையா, பேசாமல் எழுந்துவிட வேண்டும்.